சீட்டில் விழுந்த வயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

ஞாயிறு ஆராதனை முடிந்து நம் வீட்டில் கூடியவர்கள் உங்கள் அண்ணன், அக்கா, உபதேசியார் பாக்கியசீலன், கட்டிலில் நான். வேறு யாரும் இல்லை.

முன்னால் நகர்ந்த என் இடுப்பு முள்ளெலும்பை வயிறு வழியாகப் போய்ச் சரிசெய்யலாம், முதுகு வழியாகவும் செய்யலாம் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். உபதேசியார் ஜெபித்தார். அண்ணன் இரண்டு சீட்டு எழுதி வேதாகமத்தின் மேல் போட்டு ஒன்றை எடுத்தார். வயிறு என்று வந்தது.

“ஆண்டவரே சொல்லிட்டாரு. இனி டாக்டர்கிட்ட என்ன கேக்க?” என்றார்.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு.”

“நீ பைய படு. அவிய பாத்துக்கிடுவாவ” என்றார் அக்கா.

நானும் ஜெபிக்கிறவள்தான். மறுநாள், மரத்துப்போன இடது காலோடு வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஆட்டோவில் போனேன். முன்பு போனபோது அண்ணன் டாக்டரிடம் ஸ்கேனை மட்டும்தான் காட்டியிருக்கிறார். என் நோட்டைத் திறந்து, நம் பிள்ளைகள் இருவரும் ஆபரேஷனில் பிறந்த தேதிகளை வாசித்தேன்.

“இத ஏம்மா யாருமே சொல்லல? உள்ள தழும்பு ஒட்டியிருந்தா வயிறு வழியா போறது ஆபத்து. உங்களுக்கு முதுகு வழிதான் நல்லது” என்றார் டாக்டர். தசையை விலக்குவதால் வலி கூடுதலாம். மூன்று மாதம் குனியக் கூடாதாம். சரி என்றேன்.

அந்தத் தழும்பு உண்டான இரண்டு நாளும் கதவுக்கு வெளியே நின்றவர் நீங்கள். சீட்டுப் போடச் சொல்லி மஸ்கட்டிலிருந்து போன் செய்தவரும் நீங்கள்தானாம். போனில் என்னை முடிக்க விடமாட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆபரேஷன். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டாராம். நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்