பொறுக்கி எடுத்த முந்திரி

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு

அக்காவிடம் மறுபடியும் சொன்னேன். எத்தனையாவது தடவையோ! “ரேஷ்மாவுக்கு முந்திரி ஆகாதுக்கா. ஒரு துண்டுகூட.” குமுதா அக்கா சிரிக்கிறாள். “நாமல்லாம் எதத் தின்னு வளரல வாசு? உன் பிள்ளைக்கு மட்டும் எல்லாத்துக்கும் டாக்டர் சீட்டு லா.” எங்கள் ஊர் பூச்சோங்கில் யாருக்கு வேண்டுமானாலும் புரியவைத்துவிடலாம், என் அக்காவுக்கு முடியாது.

அக்டோபர் 7, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். ரேஷ்மா தூங்குகிறாள். ஐந்து வயதுப் பிள்ளையின் உதடு இப்படி வீங்குமா?

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் நவராத்திரி பூசை. என் மனைவி அனுவுக்கு ஞாயிறும் வேலை. நான், அக்கா, பிள்ளை மூன்று பேர்தான். நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போன நேரத்தில் அக்கா சர்க்கரைப் பொங்கலை ஊட்டிவிட்டிருக்கிறாள். “முந்திரிய எல்லாம் பொறுக்கி எடுத்துட்டுத்தான்டா குடுத்தேன்!” முந்திரி வறுத்த நெய்யையே ஊற்றிக் கிளறியிருக்கிறார்கள், அதில் எதைப் பொறுக்குவது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அலர்ஜி வந்தால் தொடையில் போட வேண்டிய ஊசிப் பேனா காரில் இருந்தது. வேட்டியில் ஏது பாக்கெட்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டாச்சு. ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அவ்வளவுதான். போதும்.

அக்டோபர் 8, செவ்வாய்

அனு சொன்னது: “இனிமே உங்க அக்கா இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது. நல்ல வேளை, நீங்க கூட இருந்தீங்க.” நான் தலையாட்டி வைத்தேன்.

அக்டோபர் 12, சனி

அக்கா மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கிள்ளானிலிருந்து கமலநாதன் சித்தப்பா: “குமுதாவுக்கு அறிவே கிடையாது லா!”

“ஆமா சித்தப்பா” என்றேன். சொன்னதிலிருந்து ஒரே எரிச்சல். அக்கா மேலா, என் மேலா?

அக்டோபர் 20, ஞாயிறு

முந்தாநாள் செக்கப். புதுப் பேனா கொடுத்தார்கள். டாக்டர் கேட்டார்: “ஆரம்பிச்சு எவ்ளோ நேரத்துல ஊசி போட்டீங்க?” அனு பக்கத்தில் இருந்தாள். “உடனே” என்றேன்.

பச்சைப் பொய். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன்.

அன்று காரில் பையைத் திறந்தபோது பேனாவும் இருந்தது, அரிப்புக்குக் கொடுக்கும் சிரப்பும் இருந்தது. நான் எடுத்தது சிரப்பை. முதலில் ஊசி, மற்றதெல்லாம் அப்புறம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்! அந்தச் சின்னத் தொடையில் எப்படிக் குத்துவேன்? கொஞ்சம் பார்ப்போம், கொஞ்சம் பார்ப்போம் என்றே பத்து நிமிஷம் போனது. பிள்ளை வாந்தி எடுத்தாள். மூச்சு விசில் அடித்தது. அப்போதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் —

அக்காதான் பிடுங்கினாள். “இதுலயே படம் போட்டிருக்கேடா!” மூடியை உருவி, பாவாடைக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் அழுத்திப் பிடித்து, சத்தமாகப் பத்து வரை எண்ணினாள். பிறகு பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, “மரம் மாதிரி நிக்காத, 999க்கு அடி, ஆம்புலன்ஸ் வரட்டும்!”

கொடுத்தவளும் அவள், காப்பாற்றியவளும் அவள். நான் யார்? சித்தப்பாவிடம் ஆமாம் போட்டவன். சே!

அவளும் யாரிடமும் சொல்லவில்லையே, ஏன்?

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

காலையில் எண்ணெய் வைக்கும்போதே அனுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு, “இத்தன நாளா அவங்கள நான் திட்டத் திட்ட கேட்டுக்கிட்டா இருந்தீங்க?” என்று சொல்லி, கார் சாவியை அவளே எடுத்தாள்.

அக்கா வீட்டு மேசையில் எந்தப் பலகாரத்திலும் முந்திரி இல்லை. இந்த வருஷம் வாங்கவே இல்லையாம். சமையலறையில் மெதுவாகக் கேட்டேன்: “ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?”

“பொங்கலக் குடுத்தது நான்தானே லா.”

வேட்டிக்குள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பை தைத்து வைத்திருந்தாள். “பேனாவ இதுல வை. அடுத்த தடவ நீதான் போடணும், தெரியுதா?”

புதுப் பேனா சரியாக உள்ளே போனது. அனு அக்காவோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம்தான் இன்னும் பேசவில்லை.