ரேடியேட்டர் படம்

என் வியன்னாக்காரிக்கு,

நம் வியோலாவை மந்தபுத்திப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்ப எழுதிவிட்டார்கள். நீ வேலை பார்க்கும் வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு, உட்கார்ந்து படி.

சேர்க்கைத் தேர்வில், சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் படத்தைக் காட்டி, "இது எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள், "உடைச்சு எடைக்குப் போட. வார்ப்பிரும்பு. செம்புன்னா அப்பா இன்னும் சிரிப்பாரு" என்றிருக்கிறாள். குளிருக்கு நம் வீட்டில் விறகடுப்புதானே? ரேடியேட்டரை அவள் பார்த்ததெல்லாம் என் பழைய இரும்பு வண்டியில்தான்.

தலைமையாசிரியையிடம் போனேன்.

"எம்பொண்ணு சொன்னதுல என்ன தப்பு மேடம்?"

"வீட்டைச் சூடாக்கன்னு சொல்லியிருக்கணும்."

"அந்த வெந்நீர்க் குழாயை எங்க தெருப்பக்கம் நீங்க விடவேயில்லையே!"

"கோவிச்சுக்காதப்பா. ஜிப்சிப் பிள்ளைங்களுக்கு அங்கதான் சௌகரியம். எல்லாம் உங்க ஆளுங்க."

சௌகரியம் எனக்குத் தெரியும். நானும் அங்கே படித்தவன். எட்டு வருஷமும் துடைப்பம் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். கணக்கை இரும்புக் கடையில்தான் கற்றேன்.

கத்தத்தான் தோன்றியது. கத்தினால் நம்மைப் பற்றி அவள் நினைப்பது சரியென்று ஆகிவிடும். அதனால் பேரம் பேசினேன்.

முடிவானது இது. வியோலா பெரிய பள்ளியிலேயே படிக்கலாம். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போக வேண்டும். பள்ளியில் ஒழுகும் ரேடியேட்டர்களையெல்லாம் பனி விழுமுன் நான் என் செலவில் மாற்றித் தர வேண்டும். கடைசி பெஞ்சருகே ஒன்று கூடுதலாக வைக்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் அந்தம்மா ஒப்பவில்லை.

உன் வீட்டுக்காரன்