ஜாடியோடு மங்களூர் போன கோடை

முந்திரிப்பழ வாசனை ஊருக்குள் வந்துவிட்டது பங்காளி. இன்று காலை ஒரு கூடைக்காரம்மா எங்கள் பீங்கான் பட்டறை வாசலில் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறினார். அந்தப் புளித்த இனிப்பு மூக்கில் ஏறியதும் போன கோடை ஞாபகம் வந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அகல்விளக்கு அச்சை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு, ஆற்றுப் பாலம், ரயில்வே கேட் என்று ஊரையே சுற்றினேன். உன் தெரு முனைக்கு நாலு தடவை போனேன். நாலு தடவையும் திரும்பிவிட்டேன்.

காரணம் உனக்குத் தெரியாது. உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அண்ணியிடம் பெரிதாகச் சொல்லிவிட்டேன். "கவலப்படாதீங்க அண்ணி, ஒங்க மகளுக்கு ஒரே மாசத்துல வேல. மேல வரைக்கும் நமக்கு ஆளு இருக்குது." எனக்கு மேலே இருக்கிற ஒரே ஆள் பட்டறைக் கூரையில் ஓடு மாற்றுகிறவன்தான். ஆறு மாசம் ஓடிவிட்டது. வேலை வாங்கவும் முடியவில்லை, முடியவில்லை என்று போய்ச் சொல்ல முகமும் இல்லை.

இதே கோளாறுக்குத்தானே போன கோடையில் என்னை இழுத்துக்கொண்டு போனாய்?

திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் மங்களூரில் இருக்கிற என் தங்கச்சி ஐந்து வருஷமாக என்னோடு பேசவில்லை. அவள் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் இருபத்தோரு தட்டு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். தேறியது மூன்று தட்டு. வெட்கத்தில் போகவே இல்லை. மாமன் மாலை இல்லாமலே பெண்ணை மணையில் உட்காரவைத்தார்களாம்.

நீதான் கிளப்பினாய். "பஸ்ஸுலயே போலாமே" என்றேன்.

"பஸ்ஸுல போனா அடுத்த பஸ்ஸுல ஏத்தி அனுப்பிடுவா. இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கிட்டு வந்தவன எவளும் வாசல்லயே வச்சித் திருப்ப மாட்டா பங்காளி."

அக்கினி நட்சத்திரம். ஒரு காக்கை பறக்கும்போதே வெந்து விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். நீ பார்க்கவில்லை என்று சாதித்தாய். நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தாய். என் கேரியரில் தங்கச்சிக்காக முழங்கால் உயரத்துக்கு ஒரு ஊறுகாய் ஜாடி, சுற்றிலும் வைக்கோல் கட்டி. கருவேப்பிலங்குறிச்சியில், நம்மோடு முன்பு சூளையில் வேலை பார்த்த கூட்டாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். எழுந்து பார்த்தால் அவன் வீட்டுப் பசு வைக்கோல் மொத்தத்தையும் தின்றுவிட்டு ஜாடியை நக்கிக்கொண்டிருந்தது.

"ஊரு ஒலகத்துக்கே பீங்கான் கட்டி அனுப்புறவனுங்க, எம்மாட்டுக்கு விருந்து வச்சிருக்கீங்களேடா!" என்று அவன் உருண்டு உருண்டு சிரித்தான்.

தங்கச்சி வீட்டு வாசலில் கட்டிக்கொள்ள வைத்திருந்த என் ஜரிகை வேட்டியை எடுத்து ஜாடிக்குச் சுற்றினேன். வேட்டி எங்கே, வைக்கோல் எங்கே? திட்டக்குடி வருவதற்குள் ஜாடி இரண்டு துண்டு. நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

"வெறுங்கையோட எப்பிடிப் பங்காளி போறது?"

"அவ கூடப் பொறந்தது நீயா, ஜாடியா?" என்று கேட்டுவிட்டு நீ பாட்டுக்கு மிதிக்க ஆரம்பித்தாய். வேறு வழி இல்லாமல் பின்னால் வந்தேன்.

தங்கச்சி என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. செம்பை உன்னிடம்தான் கொடுத்தாள். "அண்ணே, ஒங்க கூட வந்தவரு தண்ணி குடிப்பாரான்னு கேளுங்க."

நீ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் என் பக்கம் திரும்பி, "ஏங்க, குடிப்பீங்களா?" என்றாய்.

என் வாயில் ஒன்பது பொய் தயாராக இருந்தது. அன்று ஏனோ உண்மை முந்திக்கொண்டது. "மூணு தட்டுதான் இருந்திச்சும்மா. அதான் வரல."

"தட்ட யாரு கேட்டா? ஒந்தோள்ல கெடந்த துண்ட எடுத்து எம்பொண்ணு மேல போட்டிருந்தா போதாதா?" என்றவள், உன் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள். மூன்று செம்பு குடித்தேன். பட்டறையில் அண்டாவையே காலி செய்ததாகச் சொல்லியிருக்கிறேன். மங்களூர் வரை சைக்கிள் மிதித்தேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கடற்கரை மங்களூர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அது என் குற்றமா?

இதற்கு மேல் உட்கார்ந்து எழுத முடியவில்லை பங்காளி. எழுந்து உன் வீட்டுக்குப் போய்விட்டேன். மீதியை இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. ஒரே ஊருல இருந்துக்கிட்டு ஆறு மாசமா வழி தெரியலியா?"

"வேல ஒண்ணும் நடக்கல அண்ணி. மேல எனக்கு யாரையும் தெரியாது."

"அது நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். அவளே தேடிக்கிட்டா, ரெண்டு மாசமா டைல்ஸ் கம்பெனிக்குப் போறா. ஒக்காருங்க. அவரு மங்களூரு போன கதைய அரகொறையா வுட்டுட்டுப் போயிட்டாரு. நீங்க முழுசா சொல்லுங்க."

நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒவ்வொரு மேட்டிலும் நீ இறங்கினாய். நெஞ்சைத் தடவிக்கொண்டு புளியமரத்துக்குப் புளியமரம் நின்றாய். வெயில் களைப்பு என்று நினைத்து நான் கேலி செய்தேன். அண்ணியிடம் அதையா சொல்வேன்?

"என்னால அவரப் புடிக்கவே முடியல அண்ணி. ரெண்டு கையையும் வுட்டுட்டு, பாட்டுப் பாடிக்கிட்டுப் போறாரு. பின்னால வந்த பஸ்ஸே ஒதுங்கி நின்னு வழி குடுத்திச்சு."

"இவரா!" அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முந்தானையை எடுக்கவே இல்லை. "அப்புறம்?" என்றார்.

இத்தனை வயசில் முதல் தடவையாக அடுத்தவனுக்காகப் பெருமை அடித்தேன் பங்காளி. நன்றாகத்தான் இருக்கிறது. விடிந்ததும் இந்தக் கதையோடு தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புகிறேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்தவள் அவள், நம்ப மாட்டாள். பரவாயில்லை. திட்டக்குடி வரை மிதிப்பதற்குள் கதையில் இன்னும் இரண்டு மேடு சேர்த்துவிடுவேன். அத்தனை மேட்டிலும் நீ இறங்காமல் ஏறுவாய்.