வேட்டியில் சாயம் போகவில்லை

திருத்தணி,
ஆவணி, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி அருள்முருகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தணிகைமலையான் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் இங்கே சௌக்கியம். துபாயில் நீயும் மருமகள் கவிப்பிரியாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார் உன் நைனா, நான் வாயைத் திறந்தால் நடுவில் புகுந்துவிடுகிறார். அதனால் ஊருக்கு வந்திருக்கும் உன் சிநேகிதன் ஸ்ரீதர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆடியில் நைனாவுக்கு ஈரல் கெட்டுக் காமாலை வந்தது, இப்போது தேறிவிட்டார், பயந்து லீவு போட்டு ஓடி வராதே.

வழக்கம்போல ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டு, புது மஞ்சள் வேட்டி கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம் இருந்தார். கொஞ்ச நாளில் ஆளே சோர்ந்துபோனார், தறியை நிறுத்திவிட்டுப் போய்ப் போய்ப் படுத்தார், அந்த ஒருவேளைச் சோறும் குமட்டுகிறது என்றார். விரதம்தானே என்று இருந்துவிட்டேன். கால் வீங்கியது, செருப்பில்லாமல் நடப்பதால் என்றேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்தார், வேர்வை என்றேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதை என்னிடம் சொல்லவே இல்லை, தண்ணீர் குறைவாகக் குடிக்கிறோம் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டார். கழுத்தும் கையும் மஞ்சளாக இருந்ததற்கு மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நூலும் சாயமுமாகவே பிழைத்த வீட்டில் வேறு என்ன தோன்றும், வேர்வையில் வேட்டிச் சாயம் இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு வந்ததே கோபம்.

வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் எல்லப்பனிடம் போய், இன்னாடா வேட்டி வித்தியா மஞ்சத்தண்ணி வித்தியா என்று கேட்டேன். எங்கிட்ட வாங்கனது சாயமே போவாதுக்கா என்று சாதித்தான். ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நாலு பேர் பார்க்க நனைத்துச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்தேன். துளி மஞ்சள் இறங்கவில்லை. எல்லப்பன் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தான். சாயம் போகவில்லை என்றால் அந்த மனுஷன் உடம்பில் இருப்பது என்ன மஞ்சள்? ஈர வேட்டியோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அவரை வெயிலுக்கு இழுத்து வந்து கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால், வெள்ளை விழியே மஞ்சள். கெளம்புங்க டாக்டர்கிட்ட என்றால், கிருத்திக முடியட்டும், மாலையப் போட்டுகினு ஆசுபத்திரிக்கு எப்பிடி வர்றது, காவடி நின்னா குத்தமாயிடும் என்கிறார். உள்ளே இருந்த பயம் வேறு. ஈரல் என்றாலே குடிகாரன் வியாதி என்று தெருவே பேசும் என்று கூசினார். பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை, காவடிய நான் எடுக்கறேன், நீங்க உசிரோட இருந்து பாருங்க என்று சொல்லி அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டரம்மா எடுத்த எடுப்பில் குடிப்பீங்களா என்று கேட்க, மாலை போட்டவனப் பாத்து கேக்கற கேள்வியா இது என்று எகிறினார் நைனா. அந்த அம்மா கோபித்துக்கொள்ளாமல், குடிக்காதவர்களுக்கும் சர்க்கரையாலும் தொந்தியாலும் ஈரலில் கொழுப்பு படியும் என்று விளக்கினார். நைனாவுக்கு ஏற்கனவே அப்படிப் படிந்திருந்ததாம், அதன் மேல் முட்டிவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளும் சேர்ந்து ஈரலைப் பதம் பார்த்துவிட்டன. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நினைவு தப்பித்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கிருத்திகையன்று பூக்காவடியை நான் எடுத்து மலையேறினேன், அவர் சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்க அரோகரா போட்டார். இப்போது கண் வெளுத்துவிட்டது, பசிக்கிறது, பத்தியச் சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னோடு சண்டையும் போடுகிறார், அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா. டீக்கடையில் வருகிறவர் போகிறவர் இமையையெல்லாம் இழுத்துப் பார்க்கிறார், பாதிப் பேர் இவரைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்கள்.

நீ அனுப்பிய போட்டோவில் உனக்கும் நைனா மாதிரியே தொந்தி விழுந்திருக்கிறது. அறிகுறி எதுவும் காட்டாமலே ஈரல் கெடுமாம், அதனால் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, வலி மாத்திரையை நீயாக வாங்கித் தின்னாதே. டாக்டர் குடிப்பீங்களான்னு கேட்டா கோவப்படாதன்னு எழுது என்கிறார் நைனா. நான் எழுதுவது வேறு. பொய் சொல்லாதே கண்ணு. போன தடவை வந்தபோது உன் பெட்டியில் சட்டைக்குள் சுற்றியிருந்த பாட்டிலைப் பார்த்தேன். நைனாவிடம் சொல்லவில்லை. தொடாத மனுஷனையே நான் இழக்க இருந்தேன்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க முருகனை வேண்டுகிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு, டெஸ்ட் எடுத்ததும் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. மனோரமா