ஒன்பதாம் வீட்டுத் தண்ணீர் முறை

அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

உன் அண்ணன் கப்பலில் இரண்டாம் பொறியாளர் ஆகிவிட்டானாம். உன் தங்கை பல் மருத்துவப் படிப்பில் முதலாவதாம். நீ பாலம் கட்டுகிற வேலையில் பத்துப் பேரை ஏவுகிறாயாம். மாவு மில் வரிசையில் நின்றவர்களிடம் மூன்றையும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இனி வீட்டு விஷயம். நம் ஊர் வாய்க்காலை ஒன்பது வீட்டார் கையால் வெட்டினார்கள். பாறை வந்த இடத்தில் இப்படி வளைப்பதா அப்படி வளைப்பதா என்று சண்டை. அந்தக் கோணல் இன்றும் இருக்கிறது. நம் ஆட்களின் குணமும் அதுதான். முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், ஆனால் அடுத்த வீட்டு முறைத் தண்ணீரில் கை வைக்கமாட்டார்கள். ஆண்டுக்கொரு நாள் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அவர் படம் மடைக் கொட்டகைச் சுவரில் இருக்கும். ஆள் இல்லையென்றால் முறையும் இல்லை. நம் வீட்டுக்கு உன் தாத்தா படம்தான் இன்னும் தொங்குகிறது. அவர் போனபின் நான்கு வருஷம் நானே கூடை சுமந்தேன்.

இந்த வருஷம் சேற்றில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மடைக்காரர் தன்மையாகத்தான் சொன்னார், "போதும் அத்தை. அறுவடைக்குள்ள வேற ஆள் படத்தை மாட்டுங்க. இல்லேன்னா உங்க முறைய எட்டு வீடும் பிரிச்சுக்கும்" என்று.

உன் அண்ணன் கடலில் இருப்பவன், நாள் சொல்லி வரமுடியாது. தங்கைக்குப் படிப்பு முடியவில்லை. அதனால் வீட்டிலிருந்த உன் படத்தை எடுத்துப்போனேன். முன்பல் விழுந்து சிரிக்கிறாயே, அதுதான். கொட்டகையே சிரித்தது. "இந்தப் பொக்கைவாயா மடை தொறக்கும்?" என்றார் அங்கிருந்த எட்டாம் வீட்டுத் தச்சர். "பல்லு மொளச்சு இருபது வருஷமாச்சு. இப்ப ஆத்துக்கே பாலம் போடுறா" என்றேன். வீறாப்பெல்லாம் வாசல்வரைதான். உன்னைக் கேட்டபின் மாட்டலாம் என்று படத்தோடு திரும்பும்போது வரப்பில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

படம் மாட்டினால் ஆண்டுக்கொரு நாள் நீ வந்து சேற்றில் இறங்கவேண்டும். அதை மறைத்துக் கேட்க மனம் வரவில்லை. முடியாதென்றால் முடியாதென்றே எழுது. தாத்தா படத்தை நானே கழற்றி எடுத்து வந்துவிடுவேன், அடுத்தவர் கை படவேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்கவேண்டும். கண்ணாடி போட்டிருக்கிறாயாமே, அதோடு ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. சுவருக்கு ஆகாவிட்டாலும் எனக்கு ஆகும்.

உன் பாட்டி