வீசாதேங்கோ, அது சூடாகுது

இன்று மாலை எங்கள் பல்கனிக் கம்பியில் பெரிய சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டு, இறக்கை விரியாமல் நடுங்கியது. நீங்கள் செத்துப்போன பிறகும், இப்படி ஒன்றைக் கண்டால் உங்கள் குரல்தான் முதலில் கேட்கிறது.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில், ஒரு மழைநாளில், இதுபோல ஒன்று சுவரில் நடுங்கியது. கணக்குப் படிப்பிக்கும் எனக்கு என்ன தெரியும்? விடைத்தாள் கட்டை எடுத்து அதற்குக் காற்று வீசினேன். விலங்கியல் படிப்பித்த நீங்கள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

“வீசாதேங்கோ ரீச்சர். அது சூடாகப் பாடுபடுது, நீங்கள் ஆற வைக்கிறியள்.”

“மயக்கம் வந்திட்டுதெண்டெல்லோ நினைச்சன்.”

“ஓம், ஒரு சோடாவும் உடைச்சுக் குடுங்கோவன்.”

சிரித்து முடித்துத்தான் விளக்கினீர்கள். தசை சூடேறாமல் அவ்வளவு பெரிய பூச்சியால் எழும்ப முடியாது. அதனால் இருந்த இடத்திலேயே தசையை நடுக்கிச் சூடாக்குகிறது. பறக்க முன்பே தின்றதில் ஒரு பங்கு எரிந்துபோகும். பிறகு உங்கள் தேத்தண்ணியில் கரண்டியைச் சாய்த்து இழுத்து, அதன் விளிம்போடு கூடவே வந்த சுழியைக் காட்டினீர்கள். இறக்கையின் மேலும் காற்று அப்படித்தான் சுழன்று அதைத் தூக்குமாம். “ஒவ்வொரு அடிக்கும் புதுசா ஒரு சுழி வேணும் ரீச்சர். சும்மா மிதக்கேலாது.”

பின்னாளில் நெஞ்சு வருத்தம் வந்து, பஸ்ஸில் ஏறமுன் நின்று மூச்சு வாங்குவீர்கள். நான் தாங்க வந்தால், “வீசாதேங்கோ” என்று சிரிப்பீர்கள்.

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்ததிலிருந்து, லிப்ட் இல்லாத இந்த வெள்ளவத்தை வீட்டில் இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டேன். இறங்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் முதற்படியிலேயே கால் நடுங்கும். உடனே என் கணவர், “காணுமப்பா, நாளைக்குப் பார்ப்பம்” என்பார். நானும் திரும்பிவிடுவேன். இனி வெளியே போகாமலே என் காலம் முடிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

பூச்சி நடுங்கி நடுங்கிச் சட்டென்று எழும்பிப் போனது. நான் ஊன்றுகோலை எடுத்தேன். படியில் கால் நடுங்கியது. இவர் வாய் திறக்கமுன், “வீசாதேங்கோப்பா” என்றேன்.

“நான் என்னத்தையப்பா வீசினன்?” என்று வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

உங்கள் கதையைச் சொல்லிச் சொல்லியே இறங்கினேன். கேற்றடியில் கடற்காற்று முகத்தில் அடித்தது. கால் அப்போதும் நடுங்கியது. இந்தமுறை அது எனக்குத் தோல்வியாகத் தெரியவில்லை.

நாளைக்குத் தண்டவாளம் வரை போகலாம் என்கிறார் இவர், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.