பாஷா வாங்கி வந்த பருத்த மீன்

1934 ஜூன் 4, திங்கள்
நான் சொல்கிறேன், மகள் ஜெயசீலி எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது, மறதியும் கிடையாது.

எங்கள் முதலாளி வாஹித் பாஷா மதராசிலிருந்து தகர டின்னில், தொட்டியில் வளர்க்க ஆறு மீன் கொண்டுவந்தார். ஐந்து சின்னது, ஒன்று பருத்தது. தோல் வியாபாரம் அவருக்கு; ஆம்பூரில் அவரைப்போலத் தோல் பார்த்து வாங்க ஆள் இல்லை. மீனையும் அப்படியே வாங்கியிருக்கிறார் – கனமும் மினுமினுப்பும் பார்த்து. அது கொழுப்பு அல்ல. மேலிருந்து பார்த்தால் செதிலெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நீர் கோத்த வயிறு.

மூன்று வாரம் தனியாக இருக்கட்டும் என்றேன்.

“இன்னா பெரியவரே, மீனுக்கும் பிளேக் கேம்ப்பா?” என்று சிரித்தார் பாஷா.

முற்றத்து அண்டாவில் விட்டேன்.

ஜூன் 6
பருத்தது தீனி தொடவில்லை. அதை மட்டும் சட்டிக்கு மாற்றினேன். சீக்கு தண்ணீரோடும் கையோடும் ஒட்டிப்போகும் என்று அண்டாவுக்கு ஒரு சொம்பு, சட்டிக்கு ஒன்று, கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு வேறு.

பாஷாவின் தாயார் அன்வரி பேகம் அம்மா படுத்த படுக்கையாகி ஆறு வருஷம். கட்டிலுக்கு எதிரே அந்தத் தொட்டி, ஏழு சிவப்பு மீன். நாள் முழுக்க அவர் பார்ப்பது அதைத்தான். ஐந்து வருஷம் முன்பு, ஆடியில், புது மீனை நேராகத் தொட்டியில் விட்டு ஒன்பது நாளில் பதினொன்று செத்தது. அம்மா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. விட்டவன் நான்தான்.

ஜூன் 9
முதுகு வலி. வேறொன்றுமில்லை.

ஜூன் 17, ஞாயிறு
பாஷா மகளைப் பார்க்க மேல்விஷாரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் மாதா கோயில் பூசை முடிந்து வந்து பார்த்தால் சட்டி காலி. பருத்தது தொட்டியில்!

“வர்றவங்க பாக்கட்டுமே. சாயங்காலம் எடுத்துடு” என்றார் பாஷா.

எடுத்தேன். எடுத்து இன்னா பண்றது? தண்ணியில கலந்தத எடுக்க முடியுமா? பாதித் தண்ணீர்தான் மாற்ற முடிந்தது. உடம்பில் தெம்பில்லை.

ஜூன் 20
பருத்தது செத்தது.

ஜூன் 24
தொட்டியில் இரண்டுக்கு வால் கரைகிறது. உப்புப் போட்டேன்.

ஜூலை 1
ஏழும் போயிற்று.

“அந்தோணி, ஒண்ணு கூடவா இல்ல?”

இல்லீங்கம்மா என்றேன். ஏன்தான் அன்றைக்குப் பூசைக்குப் போனேனோ.

ஜூலை 2
அண்டாவில் இருக்கும் ஐந்தையும் தொட்டியில் விடச் சொன்னார் பாஷா.

“இப்போ சீக்கு தொட்டியிலதான் இருக்குது சாயபு. கழுவி, ரெண்டு வாரம் வெயில்ல காயணும்.”

அவர் சிரிக்கவில்லை.

ஜூலை 4
அம்மா கட்டிலை முற்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். தூக்கிப் போட்டோம். அண்டா விளிம்பு மீனை மறைத்தது. பாஷாவே வெயிலில் காயும் தொட்டியை நகர்த்திவிட்டு, செங்கல் எடுத்துவந்து, குனிந்து, கட்டில் கால்களுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு மீனுக்குப் பொரி போடப் போனவர், பாதியில் நின்று, கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

நான் பொரியை எடுத்து நீட்டினேன்.